கடலோரக் கிளைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

2013-ல் தருமபுரிப் பக்கமிருந்து மண்டபம் வட்டாரத்தில் உள்ள ஒரு வங்கிக் கிளையில் கிளார்க்காகச் சேர்ந்தேன். இன்று அதே கிளையில் ஹெட் கேஷியர். வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர் புதிதாக வருகிறார்கள், சேலம், கோவை, சில சமயம் ஆந்திரா, பீகார். வந்த முதல் மாதம் எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், நானும் டீ ஆறும்வரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதி வைத்துவிட்டால் டீயாவது சூடாகக் குடிக்கலாம் என்று எழுதியது இது. வங்கியை வைத்து எழுதினாலும், பள்ளிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மின்வாரியத்துக்கோ வேலைக்கு வருகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

ராமநாதபுரம்னு ஆர்டர் வந்ததும் வீட்ல எல்லாரும் துக்கம் விசாரிக்கிற மாதிரி பார்க்கிறாங்க. நிஜமாவே தண்ணியில்லாக் காடுதானா?

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று சினிமா வில்லன் மிரட்டுவது எங்கள் மாவட்டத்தைத்தான், அதில் சந்தேகமே வேண்டாம். குடிதண்ணீர் கஷ்டம் உண்டு. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபின் முன்னைக்கு இப்போது பரவாயில்லை, ஆனாலும் குழாயில் தினமும் வரும் என்று நம்பி வராதீர்கள். தெருவில் நாலு சக்கரத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி இழுத்துக்கொண்டு போவார்கள், பார்ப்பீர்கள். அந்த வண்டி ஒன்றை நீங்களும் வாங்க வேண்டியிருக்கலாம்.

ஆனால் இந்த வார்த்தையைக் கிளையில் சொல்லாதீர்கள். விளையாட்டுக்குக்கூட வேண்டாம். உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறவர் பிறந்து வளர்ந்தது இங்கே. அவருடைய ஊர் உங்களுக்குத் தண்டனையா?

வீடு எங்க பார்க்கிறது? ராமநாதபுரம் டவுன்லயா, வேலை பார்க்குற ஊர்லயேவா?

குழந்தைகள் பள்ளி என்றால் டவுன் சரி. தனியாளாக வந்தால் குறைந்தது முதல் ஆறு மாதம் வேலை பார்க்கும் ஊரிலேயே இருங்கள் என்பேன். மண்டபத்திலிருந்து டவுன் 40 கிலோமீட்டர் கிட்ட. அஞ்சு மணிக்கு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஆளுக்கு ஊரில் யாரையும் தெரியாமலே போய்விடும், காலையில் கவுண்ட்டருக்கு வருகிறவர் நேற்று என்ன பாடு பட்டார் என்பதும் தெரியாது.

பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவில் இருக்கும் தங்கச்சிமடம், ராமேசுவரம் கிளை என்றால் இன்னொரு விஷயம். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை தீவுக்கு ரயிலே கிடையாது, எங்கள் ஆட்கள் சாலைப் பாலத்தில் பஸ்ஸில்தான் போய்வந்தார்கள். இப்போது ரயில் இருக்கிறது, ஆனால் காற்று பலமாக அடித்தால் பாலத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவார்கள். "காற்று அடிச்சுச்சு, லேட்" என்பது வேறு ஊரில் சாக்கு, இங்கே நிஜக் காரணம். மேனேஜர் நம்புவார்.

முதல் நாள் என்ன செய்யணும்? எல்லாரும் வேலையில இருக்காங்க, நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்.

உட்காருங்கள், தப்பில்லை. உங்களுக்கு லாகின் ஐடி வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை யாரும் உங்களிடம் எதுவும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் போனைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். நகை மதிப்பீட்டாளர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பக்கக் கிளைகளில் ஊரைப் பற்றி அதிகம் தெரிந்தவர் மேனேஜர் இல்லை, அவர்தான். உரைகல்லில் வளையலைத் தேய்த்துக்கொண்டே யார் யாருக்குச் சொந்தம், யார் வீட்டில் கல்யாணம், யார் படகு கரையேறிக் கிடக்கிறது என்று ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு ஊர் வரைபடம் போட்டுக் கொடுத்துவிடுவார்.

யாரை எப்படிக் கூப்பிடுறது? எல்லாரையும் சார், மேடம்னு சொன்னா சிரிக்கிறாங்க.

கிளைக்குள்ளே சார், மேடம் சரி. கவுண்ட்டருக்கு வெளியே அண்ணே, அக்கா, வயசானவர்களுக்கு ஐயா, ஆத்தா. கீழக்கரைப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள், பழகியபின் நீங்களும் அப்படிக் கூப்பிட்டால் சந்தோஷப்படுவார்கள், பழகுமுன் பாய் போதும். படகு முதலாளியைச் சம்மாட்டி என்பார்கள். அது மரியாதைச் சொல், தயங்க வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கடைநிலை ஊழியரைப் பேர் சொல்லி, "நீ, வா, போ" என்று கூப்பிடும் மேனேஜர்கள் உண்டு. அதைப் பார்த்து நீங்களும் ஆரம்பிக்காதீர்கள். அவருக்கு உங்கள் அப்பா வயசு இருக்கும், மேனேஜர் மாறிப் போய்விடுவார், அவரும் நீங்களும் இங்கேயே இருப்பீர்கள்.

சில நாள் கூட்டம் தாங்க முடியல, சில நாள் ஈ ஓட்டுறோம். இதுக்கு ஏதாவது கணக்கு இருக்கா?

இருக்கிறது, கடல்தான் கணக்கு. பாக் விரிகுடாப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், மீதி நாட்கள் நாட்டுப்படகுக்கு என்று ரொம்ப வருஷமாக ஓர் ஏற்பாடு. ராமேசுவரத்தில் பொதுவாகத் திங்கள், புதன், சனி டோக்கன் வாங்கிக்கொண்டு விசைப்படகு போகும், மறுநாள் காலை கரை வரும். அதனால் செவ்வாயும் வியாழனும் பணம் ஊரில் நடமாடும். பதினோரு மணிக்கு மேல் உங்கள் கவுண்ட்டருக்கு வரும் நோட்டைத் தொட்டாலே தெரியும், ஈரம், உப்பு, இறால் வாசனை. எண்ணும் மிஷினில் போட்டால் இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். நான் ஃபேனுக்குக் கீழே விரித்து மேலே பஞ்சிங் மிஷினைத் தூக்கி வைப்பேன். முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்த வாசனையில்தான் நம் கிளையின் டெபாசிட் இருக்கிறது.

அப்புறம் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது (முன்பு 45 நாள், 2017-ல் 61 ஆக்கினார்கள்). அந்த இரண்டு மாதம் நகைக்கடன் மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வலையும் இன்ஜினும் பழுதுபார்க்கப் பணம், ஜூனில் பள்ளி திறப்பு, இரண்டும் சேர்ந்து வரும். தடை முடிந்து பாடு, அதாவது கிடைக்கும் மீன், நன்றாக இருந்தால் நகையைத் திருப்ப வருவார்கள். இடையில் அரசு நிவாரணத் தொகை கணக்கில் ஏறும் நாளில் லீவு கேட்காதீர்கள், மேனேஜர் தர மாட்டார், நானும் பரிந்து பேச மாட்டேன்.

அவங்க பேசுற தமிழே பாதி புரியல. வாடை, கச்சான்னு என்னமோ சொல்றாங்க.

வாடை வடகிழக்கிலிருந்து வரும் காற்று, கச்சான் தென்மேற்கு, கொண்டல் கிழக்கு. மண்டபத்தில் நின்றால் ஒரு பக்கம் வடகடல், அதாவது பாக் விரிகுடா, இன்னொரு பக்கம் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா. வாடை அடித்தால் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் அடித்தால் தென்கடல். நாட்டுப்படகுக்காரர்கள் சிலர் காற்றைப் பார்த்துக் கரை மாறுவார்கள். ஆகவே "கச்சான் விட்டதும் கட்டிடுறேன் மேடம்" என்று ஒருவர் சொன்னால் அவர் தவணைக்குச் சாக்குச் சொல்லவில்லை, தேதி சொல்கிறார். இது புரியாமல் நான் முதல் வருஷம் ஒருவரிடம், "அதெல்லாம் இருக்கட்டும், எந்தத் தேதி?" என்று மூன்று தடவை கேட்டேன். மனிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

தமிழே தெரியாமல் வரும் ஆபீசர்களுக்கு: சில சொற்கள் போதும். பணம், நகை, கையெழுத்து, நாளைக்கு, உட்காருங்க, பாடு எப்படி. கடைசியை மட்டும் கேட்டுப் பாருங்கள், மீதித் தமிழை அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள்.

எத்தனை தடவைதான் கேட்கிறது? கேட்டதையே கேட்டா மட்டமா நினைக்க மாட்டாங்களா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களில் கெட்டிக்காரர்கள் செய்யும் தப்பு, தாங்கள் கெட்டிக்காரர்கள் என்று முதல் வாரமே காட்டப் பார்ப்பது. எக்செல்லில் ஷீட் போட்டுக் கொடுப்பார்கள், கியூவை மாற்றி அமைப்பார்கள், "எங்க பழைய ஆபீஸ்ல இப்படித்தான்" என்பார்கள். எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் யாரும் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் ஒருவருக்கு உதவி செய்தால் அவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார், ஒருவரிடம் உதவி கேட்டால்தான் உங்களை விசாரிக்க வருவார். "அந்தத் தண்ணி வண்டி எங்க வாங்கினீங்க?", "நல்ல நகரை மீன் எந்த வாடியில (மீன் கொட்டகையில) கிடைக்கும்?", "இந்த வவுச்சரை ஒரு தடவை பாருங்க, சரியா?" என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். மறுநாள் அவரே வந்து, "கிடைச்சுதா?" என்பார். ஒட்டுதல் அங்கேதான் தொடங்குகிறது.

கேட்டதையே கேட்காமலிருக்க ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முதல் தடவை கேட்டதை எழுதுங்கள், எழுதுவது அவர் கண்ணில் படட்டும். இரண்டாம் தடவை நோட்டைக் காட்டி, "நீங்க சொன்னது இது, இதுக்கப்புறம் சிக்குது" என்று கேட்டால் யாரும் எரிந்து விழ மாட்டார்கள். பணம் சம்பந்தப்பட்டதில் மட்டும் கணக்கே கிடையாது, பத்துத் தடவையும் கேளுங்கள். சாயங்காலம் ஐந்நூறு ரூபாய் குறைந்தால் உங்கள் கையிலிருந்துதான் போடணும்.

நான் சைவம். மத்தியானம் எல்லாரும் மீன் குழம்பு, நான் தனியா உட்கார்றது சங்கடமா இருக்கு.

தனியாக உட்காராதீர்கள். உங்கள் டப்பாவைத் திறந்து நடுவில் வையுங்கள், தக்காளி சாதம் என்றாலும் நாலு கை வரும். மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்தாமலிருந்தால் போதும், நீங்கள் சாப்பிடாததைப் பற்றி ஒரு வாரம் கிண்டல் செய்வார்கள், அப்புறம் உங்களுக்காகத் தனியாக மாங்காய் ஊறுகாய் வரும்.

ஒரு வாடிக்கையாளர்கிட்ட கத்திட்டேன். கிளையில எல்லாரும் பார்த்தாங்க. இப்ப என்ன பண்றது?

என் கதையைச் சொல்கிறேன். சேர்ந்து கொஞ்ச காலம்தான், ஆதார் எண்ணைச் சேர்க்க ஓர் அம்மா வந்திருந்தார், அறுபது வயசிருக்கும். ரேகை மிஷினில் விரல் விழவில்லை. "நல்லாத் துடைச்சுட்டு வைங்க" என்று மூன்று தடவை சொன்னேன், நாலாவது தடவை குரல் உயர்ந்துவிட்டது. அவர் ஒன்றும் பேசாமல் விரலைத் திருப்பிக் காட்டினார். நுனியெல்லாம் வெளுத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கீறல், சுண்டுவிரலில் இன்னும் ஒரு துணிச் சுற்று. மூலையிலிருந்து மதிப்பீட்டாளர் மெதுவாகச் சொன்னார்: "அந்தக்கா பாசி எடுக்குறவங்க மேடம். பாறையில கிழிஞ்சு கிழிஞ்சு ரேகை போயிருக்கும்." தீவுகளைச் சுற்றிக் கடலில் முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்தெடுக்கும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொள்வார்கள், அப்படியும் கிழியும். எனக்கு அன்றுதான் தெரிந்தது. ரேகையை விட்டுவிட்டு, ஆதார் நகலில் சம்மதம் எழுதி வாங்கி வேலையை முடித்தோம், அந்த வழி முதலிலேயே இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

அடுத்த தடவை அவர் வந்தபோது எழுந்து வெளியே போனேன். "அன்னிக்குக் கத்தினது தப்பு ஆத்தா" என்று ஒரு வரி. அதற்குமேல் இழுத்தால் அவருக்குத்தான் சங்கடம். அப்புறம் பாசி எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டேன், பத்து நிமிஷம் சொன்னார். மேலே ஒரு பதிலில் சொன்னேனே உதவி கேட்பது பற்றி, அது இங்கும் வேலை செய்தது. நீங்களும் கத்தியது எல்லார் முன்னாலும் என்றால் மன்னிப்பும் எல்லார் முன்னாலும் இருக்கட்டும்.

கடன் வாங்கினவர் வீட்டுக்கே மீன் கொண்டுவந்து கொடுக்கிறார். வேண்டாம்னா கோவிச்சுக்கிறார்.

வாங்கக்கூடாது. நடத்தை விதியில் இருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று, இன்று நண்டு வாங்கினால் நாளை அவர் தவணை தவறும்போது உங்களால் வாயைத் திறக்க முடியாது. "ரூல் இல்ல" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லாமல், "அண்ணே, உங்க ஃபைல் என் டேபிள்ல இருக்கு, வாங்கினா எனக்கு வேலை போயிடும்" என்று சொல்லுங்கள். வேலைக்கு ஆபத்து என்றால் இங்கே எல்லாருக்கும் புரியும், கடலில் இருப்பவர்களுக்கு ரொம்பவே புரியும். விலை கொடுத்து வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அவர் சரியான விலை சொல்ல மாட்டார், ஆகவே அதுவும் வேண்டாம்.

பண்டிகைப் பலகாரம் வேறு. ரமலானில் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வரும், கிறிஸ்துமஸுக்குக் கேக் வரும். கிளை மேஜையில் திறந்து வைத்து எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வது. அதை மறுத்தால்தான் தப்பு.

கிளையில ரெண்டு கோஷ்டி இருக்கு. ரெண்டு பேரும் என்னைத் தனியா கூப்பிட்டு மத்தவங்களைப் பத்திச் சொல்றாங்க.

எந்தக் கிளையில் இல்லை! சங்கப் பிரச்சினை, பழைய இடமாற்றப் பிரச்சினை, ஒரு தடவை ஏசி யார் பக்கம் திரும்பணும் என்ற பிரச்சினை. காதில் வாங்குங்கள், வாயில் வாங்காதீர்கள். "அப்படியா" மட்டும் போதும், "ஆமா, நானும் கவனிச்சேன்" என்று சொல்லிவிட்டால் நீங்கள் ஒரு கட்சி. வாட்ஸ்அப் குரூப்பில் முதல் ஒரு மாதம் பிறந்தநாள் வாழ்த்தைத் தவிர எதுவும் போடாதீர்கள். நான் ஒரு வாரம் இந்தப் பக்கம், ஒரு வாரம் அந்தப் பக்கம் என்று சாப்பிட உட்கார்ந்தேன், இரண்டு பக்கமும் என்னை நம்பவில்லை, ஆனால் இரண்டு பக்கமும் குழம்பு கொடுத்தார்கள்.

"தம்பி எந்த ஊரு, எந்தத் தெரு, நீங்க என்ன ஆளுங்க"ன்னு கேட்கிறாங்க. என்ன சொல்றது?

முதல் இரண்டுக்குப் பதில் சொல்லலாம். மூன்றாவதற்குச் சொல்ல வேண்டிய கடமை இல்லை. "பேங்க் ஆளுங்க" என்று நான் சொல்வேன், பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டு விடுவார்கள். விடாமல் கேட்பவர் ஒருவர் இருப்பார். அவரிடம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார், அதற்காக நீங்களே எடுத்துக் கொடுக்க வேண்டாம். இந்தக் கரையில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் ஒரே கியூவில் நிற்கிறார்கள், கவுண்ட்டருக்குள் இருப்பவர் ஒரு பக்கத்து ஆள் என்று பேர் வந்துவிட்டால் அதை மாற்றச் சுலபத்தில் முடியாது.

இலங்கைக் கடற்படை பிடிச்சுட்டுப் போயிட்டாங்கன்னு ஊரே இறுக்கமா இருக்கு. நான் என்ன பேசணும்?

பேச வேண்டாம். குறிப்பாக, "எல்லை தாண்டிப் போனாங்களா?" என்று கேட்காதீர்கள். 1974-ல் கச்சத்தீவு போனதிலிருந்து இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் கதை உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அன்று வேலைநிறுத்தம் இருக்கலாம், துறைமுகம் வெறிச்சோடிக் கிடக்கும், கிளையிலும் கூட்டம் இருக்காது. வருகிற ஒன்றிரண்டு பெண்கள் வளையலைக் கழற்றிக்கொண்டு வந்திருப்பார்கள். அவர்களை முதலில் கவனியுங்கள், டோக்கன் வரிசையெல்லாம் அன்றைக்கு யாரும் கேட்க மாட்டார்கள். படகு திரும்பி வராமலே போவதும் உண்டு, அந்தப் படகின் பேரில் நம் கடனும் இருக்கலாம். வசூல் பேச்சை அந்த வாரம் எடுக்காதீர்கள், மேனேஜர் கேட்டாலும் அடுத்த வாரம் என்று சொல்லுங்கள்.

ஆறு மாசம் ஆச்சு, கன்ஃபர்மேஷனும் வந்தாச்சு. ஆனா இன்னும் ஒட்டல. என்மேல தப்பா?

ஆறு மாதம் என்பது கிளார்க்குக்கு வங்கி வைத்த கணக்கு. ஊர் வைத்திருக்கும் கணக்கு ஒரு முழுச் சுற்று, ஒரு வாடை, ஒரு தடைக்காலம், ஒரு கச்சான். அதைத் தாண்டாமல் யாரையும் இவர்கள் "நம்மாளு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு ஒன்றே முக்கால் வருஷம் ஆனது.

ஒன்று மட்டும் உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்: டிரான்ஸ்ஃபர் பேச்சை வாரம் எத்தனை தடவை எடுக்கிறீர்கள்? போகப்போகிற ஆளிடம் யாரும் மனசு வைக்க மாட்டார்கள். விண்ணப்பம் போடுங்கள், அது உங்கள் உரிமை, ஆனால் தினமும் மத்தியானம் அதையே பேசாதீர்கள்.

கேட்ட டிரான்ஸ்ஃபர் வந்தாச்சு! கிளம்புறப்ப ஏதாவது செய்யணுமா?

கடைசி நாள் கிளைக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுங்கள், பெரிய விருந்து வேண்டாம். அந்த நாற்பது பக்க நோட்டை விட்டுவிட்டுப் போங்கள், யார் யார் கையெழுத்து மாறும், யாருக்கு ரேகை விழாது என்றெல்லாம் அதில் இருக்கும். தண்ணி வண்டியையும் லாரியில் ஏற்றாதீர்கள். உங்கள் ஊரில் அதற்கு வேலை இல்லை, அடுத்த திங்கட்கிழமை இங்கே ஒருவர் அதைத் தேடுவார்.